கடற்புல்லின் வேரடிச் சேறு

நுண்ணுயிரியல் படிக்கப் புகும் மாணவரோ மாணவியோ ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகப் பழகிக்கொள்ளும் காரியங்களுள் அகார் காய்ச்சுவதும் ஒன்று. வெளிறிய அந்தப் பொடியை நீரில் கலந்து கொதிக்கவைத்து, ஆட்டோகிளேவில் ஏற்றிக் கிருமி நீக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பெட்ரி தட்டுகளில் ஊற்றி ஆறவிட்டால், சற்று நேரத்தில் அது தெளிவாக உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத ஜீவன்கள் குடியேறிப் பெருகுவதற்கு ஏற்ற தளமாகிவிடுகிறது. 1881-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் சூட்டுக்கு இளகி ஓடி ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் வீட்டில் பழப்பாகு உறைவதற்குத் தாம் சேர்த்துவந்த இந்தப் பொருளை எடுத்துச் சொன்னார் என்பதும், பாக்டீரியா ஆராய்ச்சியின் பெரும்பகுதி அன்றுமுதல் அந்த அம்மையாரின் அடுப்படி யோசனையின்மேல் நடந்துவருகிறது என்பதும் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் விஷயங்கள். அகார் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் நீரில் மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளில் ஒட்டி வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்துக் கரை சேர்க்கிற பெண்களின் உழைப்பே நம் நாட்டு அகார்த் தொழிலுக்குப் பல்லாண்டுகளாக ஆதாரமாக இருந்துவந்திருக்கிறது. அந்தப் பாசியைக் காய்ச்சி அகார் எடுக்கும் சிறு ஆலைகள் மதுரைச் சுற்றுப்புறத்திலேயே உண்டு.

ஆகவே, சமுத்திரத்திலிருந்து வந்த ஒரு பொருளின்மேல்தான் உள்நாட்டுக் கல்லூரிகளின் நுண்ணுயிர்ப் படிப்பு நடக்கிறது. ஆனால் அந்தப் படிப்பு சமுத்திரத்தைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் அடியில் பரந்து கிடக்கும் கடற்புல் வெளிகளையும், அப்புல்லின் வேரிலும் இலையிலும் அடிச்சேற்றிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களையும் ஆண்டுக்கணக்கில் நிதானமாக ஆராயும் ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்பதும், அந்த ஏற்பாட்டில் திண்டுக்கல்லைப் போன்ற ஊர்களுக்குப் பங்கும் பொறுப்பும் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

பூட்டும் தோலும், நிலக்கோட்டை மல்லிகையும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் பேச வேண்டிய ஊரில் கடற்புல்லைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து ஒரு விடை உண்டு: 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா தனியாகப் பிரிக்கப்படும்வரை, திண்டுக்கல் கோட்டையும் பாம்பன் கால்வாயும் ஒரே மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தன. பூகோளத்திலிருந்து எடுத்துச் சொல்லக்கூடிய விடை இன்னும் வலுவானது. கீழ்ப் பழனிமலையில் தோன்றி ஆத்தூர் வழியாக இறங்கி வேடசந்தூர்ப் பக்கம் போகும் குடகனாறு (1977 வெள்ளத்தில் அணையை உடைத்துக்கொண்டு போன அதே குடகனாறுதான், சாதாரண ஆண்டுகளில் அதைப் பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள்) அமராவதியில் விழுந்து காவிரியோடு கலக்கிறது. வத்தலக்குண்டுப் பக்கத்து மஞ்சளாறும் மருதாநதியும் தெற்கே திரும்பி வைகையில் சேர்கின்றன. வைகையோ, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பியது போக எஞ்சியதை ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகே பாக் விரிகுடாவில் சேர்க்கிறது. வடக்கே ஓடினாலும் தெற்கே ஓடினாலும், மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், நம் சமவெளியின் நீரும், அந்த நீர் கழுவிக்கொண்டு போகும் உரமும் உப்பும் மண்ணும் கடைசியில் வங்கக் கடலின் அந்த ஓரத்துக்கே போய்ச் சேர்கின்றன.

கடற்புல் என்பது பாசி அன்று. பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லோ நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன பூக்கும் தாவரம், நீருக்கடியிலேயே பூத்து நீரின் வழியாகவே மகரந்தம் பரப்பி விதை விடுவது. நம் தென்கடலில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் வளர்கின்றன. நாடாவைப் போல் நீண்ட இலையுடையதும், காசளவு வட்ட இலையுடையதும், உருண்டு நீண்ட இலையுடையதுமாக அவை கலந்தும் தனித்தும் பரவிக் கிடக்கும் வெளிகளில்தான், மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு மேய்கிறது. வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். அந்த நார்ப்பொருளைச் செரிக்கவைப்பதும் அதன் நீண்ட குடலில் வாழும் பாக்டீரியாக்களே. 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஆவுளியாவைப் பாதுகாப்பது என்றால் புல்லைப் பாதுகாப்பது. புல்லைப் பாதுகாப்பது என்றால் அதன் வேரடியில் நடக்கும் சூட்சுமமான விவகாரங்களைப் புரிந்துகொள்வது. இந்த மூன்றாவது படியில்தான் நம் கவனம் தளர்கிறது.

வேரடி விவகாரம் நமக்குப் புதிதன்று. வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிலக்கடலைச் செடியொன்றைப் பூவிட்ட பருவத்தில் வேர் அறாமல் மண்ணோடு கெல்லியெடுத்து உதறிப் பார்த்தால், பக்கவேர்களெங்கும் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்துக்கு நிறம் தருவதற்கு உறவான ஒரு பொருளால் வருவது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். இந்த உறவை 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் சோதனைகளால் நிறுவினார்கள். 1888-இல் ஹாலந்தில் பெயெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். இன்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பாக்கெட்டை வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்கிற நம் விவசாயி, அந்த ஆராய்ச்சியின் பயனை, அதன் சரித்திரத்தைக் கேட்டறியாமலே, அனுபவித்துக்கொண்டிருக்கிறார். பெயெரிங்க் உர வியாபாரத்துக்காக அந்த முடிச்சைக் கீறவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மத்தியதரைக் கடலில், இத்தாலியின் எல்பா தீவுக்கருகே வளரும் பொசிடோனியா என்ற கடற்புல்லின் வேரில், நிலக்கடலையில் நடப்பதற்கு ஒப்பான காரியம் நடப்பதை, பிரேமன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்டார்கள். முடிச்சு எதுவும் இல்லாமல், வேரின் திசுவுக்குள்ளேயே குடியிருந்து, புல் தரும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு நைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்கிறது அந்த பாக்டீரியா. சத்தே இல்லாத தெளிந்த நீரில், அதுவும் கோடைக்காலத்தில், இந்தப் புல் எப்படிச் செழிக்கிறது என்று நெடுங்காலமாகப் புலப்படாமலிருந்த கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. அதே நிறுவனத்தார் மறு ஆண்டில் இன்னொரு விசித்திரத்தையும் கண்டு சொன்னார்கள்: கடற்புல்லின் அடியிலுள்ள மண்ணில் சர்க்கரை, கடலில் அதுவரை அளக்கப்பட்ட அளவுகளைப் போல் எண்பது மடங்கு குவிந்துகிடக்கிறது, கோடானுகோடி பாக்டீரியாக்கள் பக்கத்திலிருந்தும் அதைத் தின்று தீர்க்காததற்குக் காரணம், புல் கூடவே கசியவிடும் ஃபீனாலிக் கசப்புப் பொருள்கள் பெரும்பாலானவற்றின் வாயைக் கட்டிவிடுவதே. எல்பாவில் உண்மையான ஒன்று தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் உண்மையாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நம் புல் வேறு, நம் வெப்பம் வேறு, நம் சேறும் வேறு. எல்பாவின் விடையை நம் கேள்விக்கு விடையாகக் கடன் வாங்கிக்கொள்ள முடியாது என்பதே இந்த ஆராய்ச்சி இங்கே நடக்க வேண்டும் என்பதற்கு முதல் நியாயம்.

அந்தச் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலடிச் சேற்றில் பிராணவாயு மிகச் சொற்ப ஆழத்துக்குத்தான் இறங்கும். அதற்குக் கீழே, பிராணவாயு இல்லாமலே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள், கடல்நீரில் தாராளமாகக் கரைந்திருக்கும் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, கழிவாக ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அழுகின முட்டை நாற்றம் என்று புத்தகங்கள் எழுதும். திண்டுக்கல்காரர்களுக்கு அந்த உவமை தேவையில்லை: தோல் ஷாப்புகளில் மயிர் நீக்குவதற்காகச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்ப்பது வழக்கமாகையால், அந்தக் கழிவுநீர் ஓடும் ஓடைக்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருப்பவர்கள், பாக் விரிகுடாவின் அடிச்சேற்றைக் கிளறினால் எழும் வாடையை அங்கே போகாமலே அறிவார்கள். இந்த வாயு வேருக்கு நஞ்சு. ஆகவே புல், தன் இலைகளில் பகலெல்லாம் உண்டாகும் பிராணவாயுவில் ஒரு பகுதியை, தண்டுக்குள் நீளவாட்டில் ஓடும் காற்றுக்குழல்கள் வழியாக வேர்நுனிவரை இறக்கி, வேரைச் சுற்றி மெல்லிய ஒரு காப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் காப்புக்குள் சல்பைடை எரித்துக் கந்தகமாகவும் சல்பேட்டாகவும் மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. இதற்குமேலும் ஓர் உதவியாள் உண்டு. லூசினிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிறு வெண்சிப்பிகள் சேற்றுக்குள் புதைந்து, தம் செவுள்களிலேயே சல்பைடை உண்ணும் பாக்டீரியாக்களை வளர்த்து, அவை ஆக்கும் உணவில் ஜீவிக்கின்றன. புல் பிராணவாயு தருகிறது, சிப்பி நஞ்சைக் குறைக்கிறது, சிப்பிக்குள் இருக்கும் பாக்டீரியா இரண்டுக்கும் நடுவே நின்று பிழைக்கிறது. வெப்பமண்டலக் கடற்புல் வெளிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த மும்முனை உறவு காணப்படுகிறது என்று 2012-இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த ஏற்பாடு எங்கே முறியும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். இழுவைப்படகின் மடி அடித்தரையை வாரிக்கொண்டு போனால் கலங்கல் எழுகிறது. கலங்கலில் வெளிச்சம் குறைகிறது. வெளிச்சம் குறைந்தால் இலையில் பிராணவாயு குறைகிறது. வேரின் காப்பு மெலிகிறது. அதுவரை எட்ட நின்ற சல்பைடு உள்ளே புகுகிறது. ஆற்றுநீரோடு வந்த உரச்சத்து பாசிப் பொடியை வளர்த்து இலைமேல் படியவைத்தாலும் முடிவு அதுதான். அறுபட்ட புல்லைக் கண்ணால் பார்க்கிறோம். வேரைச் சுற்றி நிகழ்ந்த முறிவோ ஒருவர் கண்ணிலும் படாமல் முடிந்துவிடுகிறது.

கடற்புல் வெளி நடுவே திரியும் மீன்களிலும் இத்தகைய கூட்டுக் குடித்தனங்கள் உண்டு. வாரச் சந்தையில் கருவாட்டுக் கடை முன்னால் நின்று, காரல் கருவாட்டைப் படியால் அளந்து வாங்கிப் போகும் நம்மவர்களுள் எத்தனை பேருக்கு, அந்த ஒல்லியான வெள்ளிநிற மீன் உயிரோடிருக்கையில் வெளிச்சம் வீசுவது என்று தெரியும்? காரலின் உணவுக்குழலைச் சுற்றி வளையம்போல் ஓர் உறுப்பு இருக்கிறது; அதற்குள் ஒளிரும் பாக்டீரியா கோடிக்கணக்கில் வாழ்கிறது. மேலிருந்து விழும் மங்கல் வெளிச்சத்துக்குச் சமமாக மீனின் வயிறு ஒளிர்வதால், கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அதன் நிழலுரு தெரிவதில்லை என்பது விஞ்ஞானிகள் கூறும் விளக்கம். தாய்மீன் இதைக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் தனக்கு வேண்டிய பாக்டீரியாவைக் கடல்நீரிலிருந்து தானே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்க, அவற்றுள் தனக்குரிய ஒன்றைத் தேர்ந்து உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்தும் அந்தச் சாமர்த்தியம் எப்படி அமைந்தது என்பது, எந்த மருந்துக் கம்பெனிக்கும் பிரயோஜனமில்லாவிட்டாலும், ஒரு மனிதன் ஆயுள் முழுவதையும் செலவிடத் தகுந்த கேள்வி.

பிரயோஜனத்தையே கேட்பவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தோனேசியாவில் மக்காசர் நகருக்கு அப்பாலுள்ள தீவுகளில் ஆராய்ச்சிக்குப் போன ஒரு குழுவினர், சாக்கடை கலந்த கடலில் முக்குளித்ததன் பலனாக வயிற்றுக்கடுப்பாலும் ஒருவர் டைபாய்டாலும் அவதிப்பட்டார்கள். அந்த அவதியே அவர்களை யோசிக்கவைத்தது. கடற்புல் உள்ள இடத்து நீரையும் இல்லாத இடத்து நீரையும் அவர்கள் ஒப்பிட்டு, புல்வெளி உள்ள இடத்தில் மனிதருக்கும் மீனுக்கும் நோய் தரக்கூடிய பாக்டீரியாக்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருப்பதையும், பக்கத்துப் பவளங்களில் நோயும் பாதியாக இருப்பதையும் 2017-இல் வெளியிட்டார்கள். காரணம் புல்லா, புல்லில் ஒட்டிவாழும் நுண்ணுயிர்களா, வேகம் தணிந்த நீரில் அழுக்கு படிந்துபோவதா என்பது தனித்தனியே பிரித்தறிய வேண்டிய விஷயம். தீர்த்தமாட லட்சோபலட்சம் ஜனங்கள் இறங்குகிற ராமேசுவரத்துக் கடலில் இதே அளவையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அதிகக் கற்பனை தேவையில்லை.

நம்மவர்கள் கடல் நுண்ணுயிர்களை ஆராயவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சுதந்திரம் வந்த காலந்தொட்டு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் தலைமுறைகளாக மாணவர்களை உருவாக்கியிருக்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவின் பவளத்தையும் புல்லையும் வரைபடமாக்கியிருக்கிறது. என் குறை வேறு. கடற்புல்லிலும் கடற்பஞ்சிலும் பவளத்திலும் பாக்டீரியா எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு போகிறார்கள்: இது எந்த நோய்க்கிருமியைக் கொல்லும்? அகார் தட்டில் வளர்த்து, அதன் சாற்றை ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் வெறுமையாகிறது என்று அளந்து, ஓர் அட்டவணை போட்டுக் கட்டுரை எழுதினால் முனைவர் பட்டம் கிடைக்கிறது. மருந்து தேடுவது பாவமன்று. ஆனால் அந்த பாக்டீரியா அந்தப் புல்லுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியைக் கேட்காமலே அதைக் குடிபெயர்த்துக் கொண்டுவருவது, ஊர்க் கிணற்றின் கல்லைப் பெயர்த்துத் துவைகல்லாக்கிக்கொள்வதைப் போன்ற கெட்டிக்காரத்தனம். தவிர, கடல்நீரில் உள்ள பாக்டீரியாக்களுள் அகார் தட்டில் முளைப்பவை நூற்றுக்கு ஒன்று இருந்தால் அதிகம். கார்ல் வூஸ் 1970-களில் ரைபோசோமின் மரபெழுத்தைக் கொண்டு உயிர்களை அடையாளம் காணும் வழியைத் திறந்த பிறகு, தட்டில் வளராத மிச்சத்தையும் அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தே கணக்கெடுக்க முடிகிறது. அப்படிப் படித்ததால்தான், வட அரைக்கோளத்தின் பல கரைகளில் வளரும் சாஸ்டெரா என்ற கடற்புல்லின் இலைமேலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் சுற்றியுள்ள நீரை ஒத்திருக்க, வேர்மேலுள்ள கூட்டமோ தனக்கென்று ஓர் அமைப்பைக் கொண்டிருக்கிறது என்ற உண்மை தெரியவந்தது.

இந்தக் கணக்கெடுப்பு முன்கூட்டியே இருக்க வேண்டியதன் அவசியத்தை அட்லாண்டிக் கரை காட்டுகிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பியக் கரைகள் இரண்டிலும் சாஸ்டெரா வெளிகள் கறுத்து உதிர்ந்து, பல இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன. அதை நம்பியிருந்த வாத்தினங்கள் பட்டினி கிடந்தன. அந்தப் புல்லின்மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு கடல்நத்தை உலகத்திலிருந்தே மறைந்துபோயிற்று. லாபிரிந்துலா என்னும் ஒரு நுண்ணுயிர் இந்த நோயை உண்டாக்கும் என்று சோதனையால் நிரூபிக்க 1980-கள் ஆயின. நோய்க்கு முன் அந்தப் புல்லில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்ந்தன என்ற பதிவு ஒருவரிடமும் இல்லாததால், கிருமி புதிதாக வந்ததா, பழைய குடியே வெப்பத்தாலோ வேறு காரணத்தாலோ விரோதியாயிற்றா என்ற சர்ச்சை அரை நூற்றாண்டையும் தாண்டி நீண்டது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் பவளங்கள் வெளிறியதைக் கண்ட நமக்கு, அடுத்த வெப்பம் புல்லுக்கு வராது என்று எண்ணியிருக்க இடமில்லை.

அழிந்த இடங்களில் கடற்புல்லை மறுபடி நடும் வேலை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் நடந்துவருகிறது. மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நாற்றுகளை அதில் முடிந்து கடலடியில் பதிக்கிறார்கள்; முக்குளித்து நடுபவர்களில் உள்ளூர் மீனவர்களும் உண்டு. வணக்கத்துக்குரிய உழைப்பு. ஆனால் எத்தனை நாற்று பிழைத்தது என்று எண்ணுவதோடு, பிழைத்த இடத்துச் சேற்றையும் பிழைக்காத இடத்துச் சேற்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதியாக வேண்டும். நிலக்கடலை இதற்குமுன் பயிராகாத புது நிலத்தில் ரைசோபியம் கலக்காமல் விதைப்பவரை நம் விரிவாக்க அலுவலர் கண்டிப்பார். கடலில் அதைச் செய்கையில் கண்டிக்க ஆளில்லை.

இதில் கடலைக் காணாத ஊர்க் கல்லூரிகளுக்கு என்ன வேலை? முக்குளிப்பதும் படகு விடுவதும் கரையோரத்தாரின் காரியம். எடுத்துவந்த சேற்றை வகைப்படுத்துவதும், டி.என்.ஏ. பிரிப்பதும், வளர்ப்பதும், கணக்கிடுவதும் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காரியங்கள். மண்டபத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் என்ற அந்நியப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடுவதை 2008-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் கடலோரக் கலாசாலையைச் சேர்ந்தவர்கள் அல்லர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் கிராமத்துக்காகவே ஏற்படுத்திய காந்திகிராம நிறுவனம், மண்ணையும் ஊரையும் படிப்போடு சேர்த்துப் பார்க்கும் மரபுடையது. நிலக்கடலை வேரின் நுண்ணுயிரையும் கடற்புல் வேரின் நுண்ணுயிரையும் ஒரே மேசையில் வைத்து ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

பொறுப்பு என்ற சொல்லையும் நான் சும்மா சொல்லவில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வழங்கிய தீர்ப்பு, பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நம் கிணறுகள் உப்பேறியதையும், தென்னையும் நெல்லும் கெட்டதையும் நாம் அறிவோம். அந்த உப்பும் குரோமியமும் இவ்வளவு தூரம் கடந்து கடற்புல்லைத் தொடுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. தொடவில்லை என்று சொல்வதும் அப்படியே. குடகனாறும் மஞ்சளாறும் நம் எல்லையைத் தாண்டும் இடத்திலும், வைகை கடலைச் சேரும் இடத்திலும், அதற்கப்பால் புல்வெளியிலும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் தை பிறந்து நீர் தெளிந்தபின் ஒருமுறையுமாக, நீரும் சேறும் எடுத்துப் பத்தாண்டு தொடர்ந்து பதிவு செய்தால், இரண்டில் எது உண்மை என்பது தெரிந்துவிடும். பத்தாண்டு என்பது நம் ஆராய்ச்சி நிதி வழங்குவோரின் காதில் விழாத ஒரு கால அளவு. மூன்று ஆண்டுத் திட்டம், முடிவில் ஒரு கருத்தரங்கு, ஒரு மலர் என்பதே அவர்களுக்குப் பழக்கம்.

மனோராவில் ஆவுளியாவுக்காக ஒரு மையம் அமைக்கத் தமிழக அரசு தீர்மானித்திருக்கிறது. சரபோஜி மன்னர், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடிக் கடற்கரையில் எழுப்பிய கோபுரம் நிற்கும் இடம் அது. யாருடைய வெற்றிக்கோ இங்கே செங்கல் அடுக்கிய அந்த விநோதத்தை இப்போது பேச வேண்டாம். அந்த மையத்தில் கண்காட்சிக் கூடமும், ஆவுளியாவின் பெரிய பொம்மையும், திரைப்பட அரங்கும் நிச்சயம் வரும். அவற்றோடு, புல்லின் வேரும் சேறும் சிப்பியும் இடம், தேதி, ஆழம் குறித்த சீட்டோடு வைத்துப் பாதுகாக்கப்படும் ஓர் ஆழ்குளிர்ப் பெட்டியும், அதற்கு மின்சாரம் தடைபடாதிருக்க ஒரு ஜெனரேட்டரும், திண்டுக்கல், மதுரை, விருதுநகர்க் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்கள் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்ய நாலு அறைகளும், வனத்துறையின் அனுமதிச் சீட்டை மாதக்கணக்கில் காத்திராமல் அங்கேயே வழங்கும் ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும். பாசி பறிக்கும் பெண்களில் சிலரைத் தினக்கூலிக்கு அல்லாமல் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினால், எந்த மாதத்தில் எந்தத் திட்டில் புல் மஞ்சளாகிறது என்பதை வேறெந்தக் கருவியும் இல்லாமல் முதலில் சொல்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு கட்டடத்தின் முகப்புக்கு ஆவதைவிடக் கூடுதலாக இராது. மதிப்பீடு தயாராகும்போதே அதைச் சேர்த்துவிட வேண்டும், பிறகு சேர்க்கச் சொன்னால் நிதித்துறை கேள்வி கேட்கும்.